ஏழு நிமிடப் பக்கம்

ஒரே காலைப் பொழுதில் பதினோரு கார் பரிசு வாங்கிய மனிதர் திருப்பூர் நெருப்பெரிச்சலில் ஒருவர்தான் உண்டு. அவர் மருதம்மாள் நிட்வேர்ஸ் என்ற பனியன் கம்பெனியின் முதலாளி திருமூர்த்தி. கம்ப்யூட்டர் திரையில் ‘வாழ்த்துகள்’ என்று எழுந்து நின்ற ஒவ்வொரு பெட்டியையும் மரியாதைக்கு ஒரு தட்டுத் தட்டினார். தட்டத் தட்ட கார்கள் வந்தன. பதினோராவது கார் வந்த கையோடு, யூனிட்டின் அத்தனை அளவு அட்டவணைகளும் கம்ப்யூட்டரிலிருந்து காணாமல் போயின. மருமகள் நாகஜோதி எல்லாவற்றையும் மறுபடி டைப் அடித்தாள். அடித்து முடித்து, இனி எந்தக் காரும் உள்ளே வர முடியாதபடி அந்தக் கம்ப்யூட்டருக்கு நாலைந்து பூட்டுகள் போட்டாள். இதெல்லாம் நாலு மாதத்துக்கு முந்திய கதை. கார்கள் இன்னும் வந்து சேரவில்லை.

அத்தனை வேலைக்கும் திருமூர்த்தி மருமகளை ஒரு வார்த்தை பாராட்டவில்லை. திட்டவும் இல்லை. பத்து மாதமாக அவர் அவளிடம் பேசுவதே இல்லை.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த பெண்ணை மகன் தரணீதரன் ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டு வந்து நின்றபோது, குலதெய்வம் கோயில் வாசலில், பங்காளிகள் நாற்பது பேர் நடுவே திருமூர்த்தி சொன்னார்: ஊட்டுக்குள்ள வரட்டும், சோறு திங்கட்டும், எங்கிட்ட மட்டும் பேச்சு வேண்டாம். கோபம் பதினைந்து நாளில் தீர்ந்துவிட்டது. ஆனால் நாற்பது பேர் முன்னால் சொன்னதை எந்த நாளில், எந்தச் சாக்கில் திரும்ப எடுத்துக்கொள்வது என்று அவருக்குப் பிடிபடவில்லை. யாரும் ஒரு சாக்குக் கொடுக்கவும் இல்லை. ஆகவே பேச்சில்லாமல் இருப்பது அப்படியே பழகிப்போயிற்று.

பேச வேண்டியதை எல்லாம் மனைவி ரங்காத்தாள் சுமந்தாள். இவர் முன்கூடத்தில் சொல்வதை அவள் சமையலறைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். அங்கிருந்து பதிலைக் கொண்டுவருவாள். இந்தப் பத்து மாதத்தில் அப்படி நடந்த நடையில் அவள் பழனிக்கு மூன்று முறை போய்வந்திருக்கலாம். முழங்கால் தேய்ந்து உயரமே ஒரு அங்குலம் குறைந்துவிட்டதாக டெய்லர்கள் பேசிக்கொண்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் திருமூர்த்தி ஆபீசில் தனியாக இருந்தார். தரணீதரன் கன்டெய்னரோடு தூத்துக்குடி போயிருந்தான். நாகஜோதிக்கு ஐந்தாம் மாதம். ரங்காத்தாள் அவளை டாக்டரிடம் காட்டக் கூட்டிப்போயிருந்தாள்.

முந்தின நாள் சாயங்காலம் கோபன்ஹேகனிலிருந்து மெயில் வந்திருந்தது. குழந்தைகளுக்குக் கழுத்து முதல் கால் வரை ஒரே உடுப்பாகப் போடுகிற ‘சூட்’, முப்பத்தாறாயிரம் பீஸ். முன்பெல்லாம் இந்த மாதிரி ஆர்டரை ஏஜென்ட் போனில் சொல்வான், இவர் ‘ஆகட்டுங்க’ என்பார், முடிந்துவிடும். இப்போது அந்தக் கம்பெனி தன்னுடைய வெப்சைட்டிலேயே ஒரு வாசல் வைத்துவிட்டது. அது அவர்கள் ஊரில் காலை ஒன்பதுக்குத் திறந்து பன்னிரண்டுக்கு மூடும். நம் ஊரில் பன்னிரண்டரை முதல் மூன்றரை வரை. அதற்குள் உள்ளே போய், சம்மதம் என்று அமுக்கிவிட்டு வர வேண்டும். மூன்றரை தாண்டினால் ஆர்டர் அடுத்த ஆளுக்கு.

தையல் பகுதியில் மூன்றாவது லைன் பத்து நாளாக நின்றிருந்தது. மிஷின்களுக்கு மேல் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. அந்த லைனில் இருபத்திரண்டு பேர். இந்த ஆர்டர் வந்தால் துணியை எடுத்துவிடலாம். வராவிட்டால் திங்கட்கிழமை அவர்கள் வேறு யூனிட்டுக்குப் போய்விடுவார்கள். முதலாளி சொல்லட்டும் என்றுதான் காத்திருந்தார்கள்.

தடை ஒன்றே ஒன்றுதான். அந்த வெப்சைட்டின் ஒரு பக்கம் திறக்க ஏழு நிமிடம் ஆகும்.

நாகஜோதி போட்ட பூட்டுகள் அப்படி. எந்தப் பக்கத்தைக் கேட்டாலும், பிரவுசர் முதலில் அதன் விலாசத்தை வெளிநாட்டில் இருக்கிற திருட்டுத் தளங்களின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வரும். பிறகு அந்தப் பக்கம் காட்டுகிற சான்றிதழ் செல்லுமா என்று, சான்றிதழ் கொடுத்தவனிடமே போய்க் கேட்டுவிட்டு வரும். அதன் பிறகு ஆன்டிவைரஸ், பக்கம் முழுக்க வந்து சேரும்வரை அதை வாசலிலேயே நிறுத்திவைத்துப் படம் படமாக, எழுத்து எழுத்தாகத் தடவிப் பார்க்கும். பக்கம் திறக்கத் தொடங்கியபோது முடி வெட்டிக்கொள்ளப் போன கட்டிங் மாஸ்டர், அது திறந்து முடிந்தபோது மறுபடி முடி வெட்டிக்கொள்ளப் போக வேண்டியிருந்தது என்பது யூனிட்டில் எல்லோரும் ஒப்புக்கொள்கிற சங்கதி.

இதில் இன்னொரு கூத்து. ஐந்து நிமிடம் ஒன்றும் செய்யாமல் இருந்தால் கோபன்ஹேகன்காரன் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடுவான். ஏழு நிமிடம் காத்திருந்து உள்ளே நுழைகிறபோது, வந்த ஆளைக் காணோம் என்று அவன் கதவைச் சாத்தி இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அந்த வெப்சைட்டில் மற்ற வேலைகளைத் தரணீதரன் எப்போதும் விடியற்காலையில், இன்டர்நெட் லைன் காலியாக இருக்கிற நேரத்தில் உட்கார்ந்து முடித்துவிடுவான். ஆர்டருக்குச் சம்மதம் சொல்லப் பட்டப்பகலில் உள்ளே போவது இதுவே முதல் தடவை.

திருமூர்த்தி யோசித்தார். மருமகளைக் கேட்கலாம். கேட்க வேண்டுமென்றால் ரங்காத்தாள் வர வேண்டும். எதற்கு வம்பு என்று, கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் அந்தோணிராஜை வரச் சொல்லிவிட்டார்.

அந்தோணிராஜ் நாசரேத்துப் பக்கத்துக்காரர். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, திரையை ஒருமுறை பார்த்து, நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

“பூட்டக் கழத்தச் சொல்லுதீங்க, கழத்துதேன் மொதலாளி. பொறவு உள்ள என்ன வந்தாலும் எம்மேல சொல்லப்பிடாது.”

எல்லாவற்றையும் கழற்றினார். அதன் பிறகு பக்கம் வந்த வேகத்தில் திரையிலிருந்து காற்று அடித்தது. அந்தோணிராஜின் தலைமுடி கலைந்ததைத் திருமூர்த்தியே கண்ணால் பார்த்தார். நூல் விலைப் பக்கம் ஒன்று, இவர் கேட்பதற்கு முன்னாலேயே வந்து நின்றது. அந்தோணிராஜ் போன பிறகு, திருமூர்த்தி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, இத்தனை நாள் ஒரு சின்னப் பெண்ணுக்குப் பயந்து காலத்தை வீணாக்கிவிட்டோமே என்று நினைத்தார்.

பன்னிரண்டரைக்கு இன்னும் நேரம் இருந்தது. கால் மணி நேரத்தில் பழைய சிநேகிதர்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் ஒரு கார். பிறகு, இவருக்கு இருக்கிற முடி போதாது என்று ஒரு தைலம். பிறகு ரஷ்யாவிலிருந்து ஒரு பெண், தனக்கு யாருமில்லை என்று. இவர் ஒவ்வொருவரையும் ஓரமாகத் தள்ளி உட்காரவைத்துவிட்டு, கோபன்ஹேகன் பெயரில் புதிதாக வந்திருந்த ஒரு மெயிலைத் திறந்தார். ‘உங்கள் கணக்கை உறுதி செய்யுங்கள், இங்கே தட்டுங்கள்’ என்றிருந்தது. தட்டினார். அதே நீலம், அதே கப்பல் படம், அதே பெட்டி. பாஸ்வேர்டு கேட்டது. வீடு தேடி வந்து கேட்கிறார்களே என்று நெகிழ்ந்துபோய், ஒற்றை விரலால் நாலு எழுத்து அடித்திருப்பார்.

கதவு திறந்தது. நாகஜோதி உள்ளே வந்தாள், பின்னாலேயே மருந்துப் பையோடு ரங்காத்தாள். நாகஜோதி திரையைப் பார்த்தாள். விலாசம் இருக்க வேண்டிய இடத்தில் பெயரில்லாமல் வெறும் எண்களாக நின்றதைப் பார்த்தாள். ஒரு கையை மேஜையில் ஊன்றிக் குனிந்து, சுவரிலிருந்து இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கினாள்.

திருமூர்த்தி எழுந்து வெளிமேஜைக்குப் போய்விட்டார். ஆபீஸ் என்பது கண்ணாடித் தடுப்பு போட்ட இரண்டு அறை. உள்ளே கம்ப்யூட்டரும் ஏசியும். வெளியே முதலாளி மேஜையும் சாம்பிள் அலமாரியும். தடுப்புக்கு அந்தப் பக்கம் வாய் அசைவது தெரியும், பேச்சுக் கேட்காது. அவருக்கு அது சௌகரியமாகவே இருந்தது.

ரங்காத்தாள் நடக்கத் தொடங்கினாள்.

ஆபீஸ் ஒயரைப் பிடுங்க அந்தப் புள்ளைக்கு யாரு அதிகாரம் கொடுத்தது, அதைக் கேளு என்றார் இவர். அவள் உள்ளே போய் ஏதோ சொன்னாள். நாகஜோதி தலையை ஆட்டிவிட்டுத் தண்ணீர் குடித்தாள். இதுக்கு எதுக்குத் தண்ணி குடிக்கிறாள் என்று இவருக்குப் புரியவில்லை. ரங்காத்தாள் திரும்பி வந்து நிலவரம் சொன்னாள். அது கோபன்ஹேகன் பக்கம் இல்லையாம், அதே மாதிரி வேஷம் போட்ட பக்கமாம். இன்னும் நாலு எழுத்து அடித்திருந்தால் சாவி அவன் கைக்குப் போயிருக்குமாம். வேறு என்னென்ன உள்ளே நுழைந்திருக்கிறதோ, முழுக்க அலசாமல் ஒயரைச் செருக மாட்டாளாம். அலச இரண்டு மணி நேரம் ஆகுமாம்.

ஸ்டோர் ரூமில் இன்னொரு கம்ப்யூட்டர் இருந்ததே என்றால், அது பழசு. அதிலிருந்த பிரவுசரைக் கோபன்ஹேகன்காரன் வாசலிலேயே சேர்த்துக்கொள்வதில்லை.

ஒன்றே முக்காலுக்கு அலசி முடிந்தது. பதினேழு அழுக்குகள் கிடைத்தன. நாகஜோதி பூட்டுகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டு, ஒயரைச் செருகி, கோபன்ஹேகன் பக்கத்தைக் கேட்டாள். கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடியது. ஜெனரேட்டர் புகை பக்கத்து யூனிட் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. பக்கம் மட்டும் வரவில்லை. ஏழு நிமிடம் கழித்து வந்தது. உடனே வெளியே தள்ளியது.

அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். திருமூர்த்தி கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டிருந்தால் ரங்காத்தாளுக்கு இன்னொரு நடை.

பிறகு நாகஜோதி ஸ்டோர் ரூமுக்குப் போனாள். அங்கிருந்த பழைய கம்ப்யூட்டர், யாரும் கேட்காமலே, ஆன்டிவைரஸுக்கு வேண்டிய புதுப் பட்டியலைக் காலையிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தது. காவல்காரனுக்கு வேண்டிய சாமானே இன்டர்நெட் லைனில் பாதியைத் தின்றிருந்தது. அதன் ஒயரைப் பிடுங்கினாள். திரும்பி வந்து பிரவுசரில் படங்களை நிறுத்தினாள். கோபன்ஹேகன் விலாசத்தை, மெயிலில் வந்ததைத் தொடாமல், அசல் ஒப்பந்தக் காகிதத்தைப் பார்த்துத் தன் கையால் அடித்தாள். தெரிந்தவர்கள் பட்டியலில் அந்த ஒரு விலாசத்தைச் சேர்த்தாள். இனி ஆன்டிவைரஸ் அதை மட்டும் வாசலில் நிறுத்தித் தடவாது. ஊரில் மற்ற எவன் வந்தாலும் தடவும்.

ரங்காத்தாள் இதையெல்லாம் தவணை தவணையாகக் கொண்டுவந்து சொன்னபோது, திருமூர்த்திக்கு அது சட்டென்று விளங்கியது. புது மில்லிலிருந்து வருகிற துணி ரோலை விளக்கு மேஜையில் போட்டு மீட்டர் மீட்டராகப் பார்ப்பார்கள். பத்து வருடமாகத் துணி கொடுக்கிற மில் ரோலுக்குத் தலைப்பும் கடைசியும் பார்த்தால் போதும். அதே வேலையைத்தான் அந்தப் பெண் செய்கிறாள். இதை வெளியே சொல்ல அவருக்கு ஆள் இல்லை. அலமாரியில் தொங்கிய சாம்பிள் பனியனைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார்.

பக்கம் இப்போது அறுபது செகண்டில் வந்தது. அதில் இருபது செகண்ட் சான்றிதழ் கேட்கப் போய்வருகிற நேரம். அதையும் எடுத்துவிட்டால் என்ன என்று கேட்டனுப்பினார். ரங்காத்தாள் போய்வந்தாள்.

“அத மட்டும் எடுக்க மாட்டாளாமுங்க. எதுத்தாப்பல நிக்கறது நெசமாலுமே அந்தக் கம்பெனிதானான்னு கேக்கறது அது ஒண்ணுதானாமா. இருவது செகண்டு நிக்கறதுல தப்பில்லைன்னு சொல்லறாளுங்க.”

நிக்கட்டும் என்றார் திருமூர்த்தி. மணி இரண்டு ஐம்பது.

அடுத்தது பாஸ்வேர்டு. அது திருமூர்த்தியிடம் மட்டும் இருந்தது. போன வாரம், மகன் ஊரில் இல்லாத நாளில், பழைய பாஸ்வேர்டு காலாவதி, புதுசு வை என்று அந்தப் பக்கம் கேட்டது. அம்மா பெயரை வைத்தார். பெரிய எழுத்து வேண்டும் என்றது. வைத்தார், எண் வேண்டும் என்றது. அதையும் வைத்தார், குறி ஒன்று வேண்டும், எழுத்தும் பத்தாது என்றது. நாலாவது தடவை, அந்தப் பக்கத்தைப் பற்றித் தம் மனதில் என்ன பட்டதோ அதையே அடித்தார். ஏற்றுக்கொண்டது. பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதக் கூடாது என்று நாகஜோதி சுவரில் ஒட்டியிருந்ததால் எழுதவில்லை. அவள் சுவரில் ஒட்டுகிற எதையும் அவர் மீறியதில்லை. அது பேச்சுக் கணக்கில் வராது.

எழுந்து உள்ளே போனார். நாகஜோதி விலகிச் சுவரோரம் நின்றாள். ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் பிடித்து அடித்து முடிக்க மூன்று நிமிடம். தவறு என்றது. பெரிய எழுத்துச் சாவி அமுங்கியிருந்ததை அவள் பார்த்தாள், சொல்ல வழியில்லை. ‘மூன்று முறை தவறினால் கணக்குப் பூட்டப்படும்’ என்று சிவப்பில் வந்தது. பூட்டினால் திறக்க அங்கே ஆள் திங்கட்கிழமைதான் வரும்.

திருமூர்த்தி கௌரவமாக வெளியே வந்து உட்கார்ந்தார். பிறகு ரங்காத்தாளைக் கிட்டே கூப்பிட்டு, காதோடு காதாகப் பாஸ்வேர்டைச் சொன்னார். அவள் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. ஒரு முறை திரும்பக் கேட்டாள். அவர் திரும்பச் சொன்னார். உள்ளே போனாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாகஜோதி அடித்தாள். சிவப்பு எழுத்து மறுபடி வந்தது. நாகஜோதி நிமிர்ந்து அத்தையைப் பார்த்தாள். அத்தை கூரையைப் பார்த்தாள்.

மணி மூன்று பதினொன்று. திருமூர்த்தி எழுந்து தடுப்புக் கதவைத் திறந்துகொண்டு நின்றார். என்ன சொன்ன என்று மனைவியைக் கேட்டார். அங்காளம்மன் என்று சொன்னதாக அவள் மெல்லச் சொன்னாள். பின்னால் வருகிற குறியையும் அறுபத்திரண்டையும் மட்டும் மாற்றவில்லையாம்.

“பாஸ்வேர்டையே மாத்திச் சொன்னியா?”

“ஏனுங்க, மாசமா இருக்கற புள்ளைங்க அது. அந்த வார்த்தைய எப்புடீங்க அது காதுல போடறது. அங்காளம்மா பேரச் சொன்னாத் தொறக்காமயா போயிரும்னு நெனச்சனுங்க.”

திருமூர்த்திக்கு அப்போது வேறொன்று உறைத்தது. ஆர்டரைக்கூட ஒரு கணம் மறந்துவிட்டார்.

“அப்ப இத்தன நாளா நாஞ் சொன்னதெல்லாம்?”

“சொல்லறாப்பல இருந்ததச் சொன்னனுங்க.”

காலையில் ஒயரைப் பற்றிக் கேட்டனுப்பியது என்னவாகப் போய்ச் சேர்ந்தது என்று கேட்டார். ‘வெயில்ல வந்திருக்கற, மொதல்ல தண்ணியக் குடிக்கச் சொல்லறாங்க’ என்று போய்ச் சேர்ந்திருந்தது.

பத்து மாதம். முன்கூடத்திலிருந்து அவர் எறிந்த ஒவ்வொன்றும் சமையலறைக்குப் போவதற்குள் கழுவித் துடைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பெண் இத்தனை நாளும் எந்த மாமனாரோடு குடும்பம் நடத்தியிருக்கிறாள் என்று யோசித்தபோது, அந்த ஆள் தம்மைவிட எவ்வளவோ நல்லவன் என்று அவருக்குத் தோன்றியது.

நாகஜோதி விசைப்பலகையைப் பார்த்தபடி பேசினாள். அவரிடம் நேராக அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

“எனக்குத் தெரியும் மாமா. நீங்க சட்னியில உப்பில்லன்னு கத்துவீக. அத்த உள்ள வந்து, மாமா இன்னும் ரெண்டு இட்லி கேக்குறாகன்னு சொல்லுவாக. கொண்டாந்து வச்சா நீங்களும் தின்னுபுட்டுத்தான் போவீக.”

ரங்காத்தாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

மணி மூன்று பதினைந்து. பாக்கி இருப்பது ஒரு வாய்ப்பு. அவர் விரலை நம்ப முடியாது. ரங்காத்தாளை நம்பவே முடியாது. கண்ணாடிக்கு அப்பால், தையல் பகுதிக் கதவருகே மூன்றாவது லைன்காரர்கள் சிலர் சும்மா நிற்பதுபோல் நின்றார்கள்.

திருமூர்த்தி தொண்டையைக் கனைத்தார். வேட்டியைச் சரிசெய்தார். மருமகளுக்கு நேராக, நாலடி தூரத்தில் நின்று, பத்து மாதத்தில் முதல் வார்த்தையைச் சொன்னார்.

“பன்னாடை.”

நாகஜோதியின் கை நிதானமாக விசைகளின் மேல் வந்தது.

“மொத எழுத்து பெருசா மாமா?”

“பெருசுங்க.”

“பெறகு?”

“அந்தச் சுழிச்ச ஏ. அப்பறம் அறுவத்தி ரெண்டுங்க.”

பங்காளிகள் நாற்பது பேர் முன்னால் பேச்சு வேண்டாம் என்றவர், வாய் திறந்ததும் மருமகளுக்கு ‘ங்க’ போட்டுக்கொண்டிருப்பதை அவரே கவனிக்கவில்லை. அவள் அடித்து முடித்தாள். நிறுத்தினாள். பெரிய எழுத்துச் சாவி அமுங்கவில்லையே என்று பார்த்தாள், மறுபடி ஒருமுறை பார்த்தாள், பிறகு எண்டரை அமுக்கினாள்.

அறுபது செகண்ட். அதில் இருபது, எதிரில் நிற்பது அசல் ஆள்தானா என்று கேட்டுவர. அந்த இருபது செகண்டில் திருமூர்த்தி மீசையில் மூன்று முடி நரைத்ததை ரங்காத்தாள் பார்த்தாள்.

கதவு திறந்தது.

“அது உன்னையச் சொன்னதில்லீங்க கண்ணு,” என்றார் அவர். “அந்தப் பக்கத்தச் சொன்னது.”

“தெரியும் மாமா. நானும் நாலு மாசமா அதத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன்.”

ஆர்டர் பக்கம் வந்தது. பொறுப்பாளர் பெயர் என்று ஒரு கட்டம். அவள் தரணீதரன் பெயரை அடிக்கப் போனாள். உன் பேரைப் போடு என்றார் திருமூர்த்தி. அவள் திரும்பிப் பார்த்தாள். நேரமாகுது கண்ணு, போடு என்றார். எஸ். நாகஜோதி என்று அடித்துவிட்டு, சம்மதம் என்ற பொத்தானை அமுக்கினாள்.

ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமுக்கினாள். மணி மூன்று இருபத்தாறு. பக்கம் அசையாமல் நின்றது.

“மேல மஞ்சளா ஒரு கோடு வந்துதுங்க,” என்றார் திருமூர்த்தி. கார்கள் வந்த காலத்திலிருந்து திரையில் புதிதாக எது எழுந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது.

மஞ்சள் பட்டை. உறுதி செய்கிற சின்னப் பெட்டி ஒன்று தனியாக எழுந்து வரப் பார்த்திருக்கிறது. தனியாக எழுகிற எந்தப் பெட்டியும் வேண்டாம் என்று அவள் போட்டிருந்த பூட்டு அதைத் தடுத்துவிட்டது. அவளே போட்டது, அவசரத்தில் அவளே மறந்தது. இந்த விலாசத்துக்கு மட்டும் விடு என்று பிரவுசருக்குச் சொன்னாள். சின்னப் பெட்டி வந்தது. உறுதி என்று அமுக்கினாள்.

அறுபது செகண்ட். பிறகு பச்சையில் ஒரு வரி, ஆர்டர் எண்ணோடு. மணி மூன்று இருபத்தெட்டு.

திருமூர்த்தி தையல் பகுதியைப் பார்த்துக் கையை ஒருமுறை ஆட்டினார். கதவருகே நின்றவர்கள் ஓடினார்கள். மிஷின்களிலிருந்து வெள்ளைத் துணிகள் அத்தனை வேகத்தில் உருவப்பட்டதில், கூரையில் உட்கார்ந்திருந்த புறாக்கள் நாலும் முதலிபாளையம் வரைக்கும் போய்த்தான் நின்றன.

ரங்காத்தாள் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவளுக்கு இனி நடக்க வேலை இல்லை என்பது முழங்காலுக்கு முதலில் தெரிந்துவிட்டது.

“எஸ்ஸுன்னா என்னங்க கண்ணு?” என்று கேட்டார் திருமூர்த்தி.

“சந்தனம். எங்கப்பா.” அந்தப் பெயரைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. “அவுகளும் எங்கிட்டப் பேசுறதில்ல மாமா. நானும் பத்து மாசமா போன் போடல.”

திருமூர்த்தி இதை எதிர்பார்க்கவில்லை. உசிலம்பட்டியில் தமக்குச் சமமாக ஒரு ஆள் உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியாது. அங்கே நடுவில் நடப்பது யார் என்று விசாரித்தார்.

“யாருமில்ல மாமா. அம்மா செத்து ஆறு வருசமாச்சு. அண்ணன் தம்பியும் இல்ல.”

ரங்காத்தாள் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏழாம் மாதம் பெண்ணைப் பெற்றவர்கள் விதவிதமாகச் சோறு கட்டிக்கொண்டு வந்து மகளுக்கு ஊட்டிவிடுகிற கட்டுச்சோற்றுக்கு யாரைக் கூப்பிடுவது என்று அவள் ஒரு மாதமாகத் தனக்குள் வைத்திருந்த கேள்விக்கு, இப்போதுதான் முழு விவரமும் கிடைத்தது.

திருமூர்த்தி நம்பர் கேட்டார். அப்பா வீட்டில் போன் இல்லை. பக்கத்து டீக்கடை நம்பர் அவளுக்கு மனப்பாடம். அவள் சொல்லச் சொல்ல அவர் அதே ஒற்றை விரலால் அமுக்கினார். மணி அடித்தது. யாரோ எடுத்து, யாரோ யாரையோ கூப்பிட்டு, டீ ஆற்றுகிற சத்தமும் பஸ் ஹாரனும் நீண்ட நேரம் கேட்டன. பிறகு, மூச்சு வாங்குகிற ஒரு குரல் யாரது என்றது.

“நானுங்க. திருப்பூர் திருமூர்த்தி. நம்ம ஜோதிக்கு வர்ற ஐப்பசியில கட்டுச்சோறுங்க. நீங்க வந்துதான் நடக்கோணும்.”

எதிர்ப்பக்கம் பேசவில்லை. இவரும் பேசவில்லை. இரண்டு பேருக்குமே அதில் நல்ல பழக்கம். கடைசியில் அந்தக் குரல் ஒன்றே ஒன்று கேட்டது.

“எம்மக நல்லாருக்காளா?”

நல்லாத்தான் இருக்கறாளுங்க என்று சொல்லத் திருமூர்த்தி வாயைத் திறந்தார். கை நீட்டினால் தொடும் தூரத்தில் மருமகள் நின்றிருந்தாள். வாயை மூடிக்கொண்டார். ரிசீவரை அவள் பக்கம் நீட்டினார்.

“நீயே சொல்லு கண்ணு.”

நாகஜோதி இரண்டு கையாலும் வாங்கிக் காதில் வைத்தாள். மறுமுனையில் டொக்கென்று ஒரு சத்தம் கேட்டது. டீ கிளாஸைப் பலகையில் வைத்த சத்தமா, போனையே வைத்துவிட்ட சத்தமா, அவளுக்குத் தெரியவில்லை.

“அப்பா,” என்றாள்.